எடைத்தட்டில் தேறிய கோல்

மலையேற்றத்துக்கு எந்த ட்ரெக்கிங் போல் வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் வந்து விழும் சொல் எடை. கார்பன் வாங்குங்கள், கையில் இருப்பதே தெரியாது. அவ்வளவு பணம் இல்லையென்றால் அலுமினியம் பாருங்கள். கடைக்காரர் இதைச் சொல்கிறார். குழு நடத்துபவர் இதைச் சொல்கிறார். ஒரே ஒரு முறை கேதார்காந்தா போய்வந்த நண்பரும் இதையே சொல்கிறார். கார்பன் மேல், அலுமினியம் கீழ் என்ற இந்த வரிசை விவாதமே தேவைப்படாத உண்மையாக நிலைத்துவிட்டது. சாலையும் கடையும் எட்டாத மலைகளில் பல நாள் நடக்கப் போகிறவருக்கு இது தவறான யோசனை. ஆபத்தான யோசனையும்கூட.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் வைத்துவிடுவோம். முதுகில் இருக்கும் எடை ஒரே இடத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் எடையையோ ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் பல ஆயிரம் தடவை. அதனால் கோலில் குறையும் ஒவ்வொரு கிராமும் மாலையில் தோளுக்குத் தெரியும். கார்பன் இழைக் கலவையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிராம், அலுமினியக் கலவைக்கு 2.8. கார்பன் விறைப்பானது, கல்லில் குத்தும்போது எழும் அதிர்வை மணிக்கட்டுக்குக் குறைவாகவே கடத்துகிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடப்பவர்கள் பலர் கார்பன் கோல்களோடுதான் நடக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. இத்தனை உண்மைகளையும் கூட்டி வைத்துவிட்டுத் தவறான முடிவுக்குப் போகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

கோல் அலங்காரப் பொருள் இல்லை என்பதை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் ஷ்வாமெடரும் அவருடைய ஆஸ்திரியச் சகாக்களும் 25 பாகைச் சரிவில் இறங்குபவர்களை அளந்து பார்த்தார்கள். கோல்களோடு இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் லாவைக் கடந்தவர், அன்றே சுமார் 1,600 மீட்டர் இறங்கி முக்திநாத்துக்குப் போயாக வேண்டும். அந்த இறக்கத்தில் கோலை நம்பி உடல் தன் பாரத்தை முன்னால் சாய்த்துவிடுகிறது. அப்படிச் சாய்ந்த பாரத்தைத் தாங்கும் பொருளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எடையைப் பற்றியதாக இருக்க முடியாது. அது எப்படி உடையும், உடைந்தபின் என்ன மிஞ்சும் என்பதே முதல் கேள்வி.

1. எத்தனை கிராமுக்காக இவ்வளவு பேச்சு?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் மூன்று துண்டுகள், ஒரே மாதிரி லாக், ஒரே மாதிரி பிடி என்று ஒத்த அமைப்புள்ள கோல்களை ஒப்பிட்டால், நல்ல அலுமினிய ஜோடிக்கும் நல்ல கார்பன் ஜோடிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 50 முதல் 100 கிராம். ஒரு கைக்கு 25 முதல் 50 கிராம். வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பையில் போடும் இரண்டாவது பவர் பேங்க் 200 கிராமைத் தாண்டுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஜோடி 280 கிராம் என்று காட்டுகிறார்களே என்பார்கள். உண்டு. ஆனால் அந்த எடை கார்பனால் மட்டும் குறைந்ததில்லை. நீளம் மாற்றும் அமைப்பைக் குறைத்தோ எடுத்தோ விட்டார்கள், குழாயின் சுவரை மெலிதாக்கினார்கள், பிடியைச் சிறிதாக்கினார்கள். ஒவ்வொன்றும் உறுதியிலிருந்தோ பயனிலிருந்தோ கழித்த எடை. அதைக் கார்பனின் சாதனையாக எழுதிவைப்பது நேர்மையான ஒப்பீடு ஆகாது. கை உண்மையில் உணர்வது கோலின் கீழ்முனையில் தொங்கும் எடையைத்தான். பனி இல்லாத பாதையில் அகலமான பனி வளையங்களைக் கழற்றி வைத்தாலே கோல் வீசுவதற்கு இலகுவாகிவிடும். அதற்குக் காசும் செலவில்லை.

2. கோல் எந்தப் பக்கத்திலிருந்து அடி வாங்குகிறது?

கார்பனின் வலிமையைக் காட்டும் எண்கள் எல்லாம் இழையின் திசையில் அளந்தவை. மேலிருந்து கீழாக, நேராக அழுத்தும் பாரத்தில் கார்பன் தோற்பதில்லை. அலுமினியத்தை வெல்லவும் செய்யும். ஆனால் மலையில் கோல் முறிவது நேராக ஊன்றும்போது இல்லை. பனியாறு தள்ளிவிட்டுப் போன கற்குவியலில் நடக்கிறீர்கள். கோலின் முனை இரண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கிச் சிக்குகிறது. உடல் ஏற்கெனவே முன்னால் போய்விட்டது. உடலின் மொத்த வேகமும் கோலின் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் நெம்புகிறது. ஹம்ப்டா கணவாய் வழியில் ஷியாகோருவில் ஓடையைக் கடப்பவருக்கும் இதே நிலைமை. பனி உருகி வரும் நீர், வெயில் ஏற ஏற உயர்ந்துகொண்டே போகும். முழங்காலைத் தள்ளும் நீரோட்டத்தில் அடியில் தெரியாத கல்லிடுக்கில் கோலை ஊன்றி அதன்மேல் சாய்கிறார். கோலின் பக்கவாட்டில் நீரும் தள்ளுகிறது, மனிதரும் தள்ளுகிறார்.

இந்த இடத்தில் இரண்டு பொருள்களும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அலுமினியம் தாங்க முடியாதபோது வளைகிறது. வளைவது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரிகிறது. சாய்ந்தவர் காலை மாற்றி வைக்க ஒரு கணம் கிடைக்கிறது. கார்பன் இழையோ ஏறக்குறைய 2 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும் இயல்புடையது. அது வளைந்து நிற்பதில்லை. எல்லை வரை விறைப்பாக நின்று, எல்லையில் படாரென்று முறிகிறது. சமதளத்தில் அது நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ நட்டம். ஓடையின் நடுவில் அதற்கு வேறு பெயர்.

இன்னொன்று, இதைவிட மோசமானது. கார்பனில் காயம் வெளியே தெரிவதில்லை. அடிவார முகாமுக்குப் போகும் ஜீப்பின் கூரையில் மற்ற மூட்டைகளோடு கட்டப்பட்டு, பிறகு கோவேறு கழுதையின் முதுகில் அடுப்புக்கும் கூடாரத்துக்கும் நடுவே நசுங்கி வரும் கோல் எங்கேயோ ஒரு இடத்தில் பக்கவாட்டு அடி வாங்கியிருக்கும். மேற்பூச்சில் சிறு கீறல் மட்டும் இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். மூன்றாம் நாள், சாதாரணமாக ஊன்றும்போது, காரணமே இல்லாததுபோல் அது முறியும். அலுமினியம் அடி வாங்கினால் நசுங்கல் தெரியும். நசுங்கலோடு நடப்பதா, கோலை மாற்றுவதா என்று காலையிலேயே முடிவெடுக்கலாம்.

உடைந்தபின் என்ன? வளைந்த அலுமினியக் கோல் அவலட்சணமாக இருந்தாலும் ஊன்ற உதவும். அதை நிமிர்த்தத் துடிக்க வேண்டாம். கோல்களுக்குப் பயன்படும் உறுதியான கலவை, குளிர்ந்த நிலையில் திருப்பி வளைத்தால் விரிசல் விடக்கூடும். வளைந்த துண்டு மேல் குழாய்க்குள் இறங்காது என்பதும் உண்மைதான், நீட்டிய நீளத்திலேயே ஊர் திரும்ப வேண்டியிருக்கும். ஆனால் திரும்பிவிடலாம். முறிந்தே போனாலும், முறிந்த இடத்துக்கு உறுதியான ஏதாவது ஒன்றை அணைத்து வைத்து டேப் சுற்றினால் ஓரளவு நிற்கும். கார்பன் முறிந்தால் குழாய் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகிறது, முனைகள் சிலாம்பாக நிற்கின்றன, கையில் ஏறுகின்றன. கட்டுப் போடக்கூட நல்ல இடம் மிஞ்சுவதில்லை.

3. ‘உடைவது மலிவான கார்பன்தான், நல்லது உடையாது’ என்று சொல்பவர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே கவனிப்பதில்லை.

நல்ல கார்பன் என்றால் என்ன? சுவர் தடித்த குழாய், மேலே பாதுகாப்பு அடுக்கு, கீழ்த்துண்டுக்குக் கூடுதல் உறை. இத்தனையும் சேர்ந்தால் எடை ஏறுகிறது. ஏறி ஏறி, முன்னே சொன்ன அந்த 50 கிராம் வித்தியாசத்துக்கே வந்து நிற்கிறது. இலேசான கார்பனைக் காட்டி ஆசை கிளப்பி, தடித்த கார்பனைக் காட்டி உறுதிமொழி கொடுத்தால் அவை இரண்டு வேறு பொருள்கள். ஒரே கோலில் இரண்டையும் யாரும் விற்பதில்லை. ‘பத்து வருடமாக என்னுடையது உடையவில்லை’ என்ற சாட்சியத்திலும் பாரம் குறைவு. அவருடைய பாதையில் கல்லிடுக்கு எத்தனை, கோலை யார் சுமந்தார்கள் என்பதைச் சொல்லாதவரை அது அவருடைய பாதையைப் பற்றிய செய்தி மட்டுமே.

4. குழாயைப் பற்றியே பேசுகிறவர்கள் லாக்கை ஏன் பேசுவதில்லை?

நீளம் மாற்றும் கோலில் பெரும்பாலான தொல்லை குழாயில் வருவதில்லை, மூட்டில் வருகிறது. சாய்ந்து ஊன்றும்போது துண்டு உள்ளே வழுக்கி இறங்கிவிட்டால், குழாய் கார்பனா அலுமினியமா என்பதற்கு அர்த்தமே இல்லை. இறக்கத்தில் முகம் குப்புற விழுவது ஒன்றுதான். ஆனால் கடையில் கோலைக் கையில் தூக்கிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர், லாக்கைத் திறந்து மூடிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

ட்விஸ்ட் லாக்கில் குழாயைத் திருகினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டு விரிந்து, சுவரை அழுத்திப் பிடிக்கும். புதிதாக இருக்கும்போது நன்றாகவே பிடிக்கும். மணலும் ஈரமும் உள்ளே போனபின் உரசல் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மேலும் இறுக்குகிறோம், பிளாஸ்டிக் தேய்கிறது. ஒருநாள் எவ்வளவு திருகினாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அல்லது உறைந்த காலையில் எவ்வளவு முறுக்கினாலும் திறக்காது. எல்லாம் குழாய்க்குள்ளே நடப்பதால், எந்தப் பிடி தளர்ந்தது என்று கண்ணால் பார்க்கவும் வழியில்லை.

வெளியே கிளிப் போல மடக்கி இறுக்கும் லீவர் லாக்கில் இந்தக் குறைகள் பெருமளவு இல்லை. தடித்த கையுறையோடு திறக்கலாம். மூடியிருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியும். பிடி தளர்ந்தால் பக்கத்திலுள்ள சிறு திருகைக் கால் சுற்று இறுக்கினால் போதும். அந்தத் திருகை விரலாலேயே இறுக்க முடிகிற கோல் உத்தமம். முடியாதென்றால் அதற்கான சாவி பையில் இருக்க வேண்டும். லீவர் உலோகமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் லீவர் பாறையில் மோதி உடையக்கூடியது. இதுதான் இந்த வகையின் பலவீனம், மறைக்க ஒன்றுமில்லை.

சோதனை எளிது. கடையிலேயே கோலை உங்கள் நீளத்துக்கு நீட்டி, மூடி, உடலின் முழு பாரத்தையும் நேராக மேலிருந்து போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் திருகை இறுக்கி மறுபடி போடுங்கள். மறுபடியும் இறங்கினால் கீழே வைத்துவிடுங்கள். அடிவாரத்தில் வாடகைக்கு எடுக்கும் கோலுக்கு இது இன்னும் அவசியம். பல கைகள் பட்ட லாக் அது. பயணத்தின்போதும் தினமும் காலையில் முதல் அடிக்கு முன் இதைச் செய்யலாம், பத்து விநாடி ஆகும். மாலையில் துண்டுகளைப் பிரித்துத் துடைத்துக் காயவிட வேண்டும். எண்ணெய் மட்டும் போடவே கூடாது, லாக் நிற்பதே உரசலில்தான்.

5. ‘நீளம் எதற்கு மாற்ற வேண்டும்? ஒரே நீளம் போதும், எடையும் குறையும்’ என்பது இதே நம்பிக்கையின் அடுத்த படி.

கோலை ஊன்றி நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குச் சமதளத்தில் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர். ஏற்றத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் ஒவ்வொரு அடிக்கும் உயர்ந்து வலிக்கும். இறக்கத்தில் அதே அளவு கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் குனிந்தபடி இறங்கிப் பாரத்தைத் திரும்ப முழங்காலிடமே ஒப்படைப்போம். மலைச்சரிவில் குறுக்கே போகும்போது மேல்பக்கக் கைக்குக் குட்டையாகவும் கீழ்ப்பக்கக் கைக்கு நெட்டையாகவும் வேண்டும். 1974-ல் ஜெர்மனியின் லெக்கி நிறுவனம் நீளம் மாற்றும் ட்ரெக்கிங் கோலை, உலகின் ஐந்தாவது உயர்ந்த சிகரமான மகாலுவின் பெயரிட்டுக் கொண்டுவந்தது இந்தத் தேவைக்காகத்தான். அரை நூற்றாண்டு கழித்துத் தேவையையே மறுத்துவிட்டு அதை முன்னேற்றம் என்கிறார்கள்.

உள்ளே கயிறு ஓடும் மடக்குக் கோல்கள் பைக்குள் அழகாக அடங்குகின்றன. அவற்றில் பல நீளமே மாறாதவை. மாறுபவையும் பெரும்பாலும் 20 சென்டிமீட்டருக்குள் அடங்குபவை. உள்கயிறு அறுந்தால் கையில் இருப்பது மூன்று தனிக்குழாய்கள். ஓட்டப்பந்தயக்காரருக்கு அவை பொருத்தமானவை, அவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். இரவில் கோலையே கம்பமாக நிறுத்திக் கூடாரம் போடுகிறவருக்கு, கூடாரம் கேட்கும் நீளத்துக்குக் கோலை மாற்ற முடிந்தாக வேண்டும். அந்தக் கோல் பகலில் முறிந்தால், இரவில் கூரையும் இல்லை.

வாங்கும்போது ஒரு கவனம். குழாயில் ‘இதற்கு மேல் இழுக்காதே’ என்ற கோடு இருக்கும். உங்கள் இறக்க நீளம் அந்தக் கோட்டைத் தொட்டால் அந்தக் கோல் உங்களுக்குக் குட்டை. கோட்டைத் தாண்டி இழுத்தால் மூட்டில் குழாயும் குழாயும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும் பகுதி குறைந்து, பக்கவாட்டு விசை முழுவதும் அங்கேயே விழும்.

6. இந்த நம்பிக்கை எந்த மண்ணில் முளைத்தது?

அமெரிக்காவின் நெடும்பாதைகளில். அப்பலாச்சியன் பாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர், பசிபிக் கிரெஸ்ட் பாதை 4,200-க்கு மேல். பராமரிக்கப்பட்ட பாதைகள் அவை. சில நாளுக்கு ஒருமுறை சாலை குறுக்கிடும், பக்கத்து ஊரில் தபால் நிலையம் இருக்கும், உடைந்த துண்டுக்கு மாற்றுத் துண்டு பார்சலில் வந்து காத்திருக்கும். அங்கே கோல் முறிவது ஒரு சிரமம், அவ்வளவுதான். அங்கே எடையை முதலில் வைப்பதில் நியாயம் இருக்கிறது.

நம் மலைகளில் நிலைமை வேறு. பார்வதிப் பள்ளத்தாக்கிலிருந்து ஸ்பிதிப் பக்கம் இறங்கும் ‘பின் பார்வதி’ கணவாய் 5,319 மீட்டர். ஒரு வாரத்துக்கு மேல் நடை, வழியில் பனியாறு, கடைசியில்தான் முத் கிராமம். நான்காம் நாள் உடையும் கோலுக்கு அங்கே மாற்று கிடையாது. கோலை இழந்தவரின் வேகம் குறையும், அவருடைய பை வழிகாட்டியின் தோளுக்கோ சுமைதூக்கியின் முதுகுக்கோ மாறும். ஓடைகளில் இன்னொருவர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைக்கு 50 கிராம் மிச்சம் பிடித்தவரின் கணக்கை வேறொருவர் தீர்க்கிறார். எடைவாதத்தில் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

7. அப்படியானால் எந்த அலுமினியமும் சரியா? இல்லை.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு, பிடியில் திசைகாட்டியும் உள்ளே ஸ்பிரிங்கும் வைத்து விற்கும் கோல்களை வாங்கிவிட்டு என் பக்கம் நிற்க வேண்டாம். அலுமினியம் என்ற ஒரு சொல் எதையும் சொல்வதில்லை. 6061 கலவை டி6 பதத்தில் சுமார் 276 மெகாபாஸ்கல் தாண்டியதும் நிரந்தரமாக வளையத் தொடங்கும். துத்தநாகம் கலந்த 7075, அதே பதத்தில், ஏறக்குறைய 500 வரை தாங்கும். எடையிலோ இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே 7075 என்று எழுதாத அலுமினியக் கோலை விற்பவரிடம் என்ன கலவை என்று கேட்க வேண்டும், பதில் தெரியாவிட்டால் நகர்ந்துவிட வேண்டும். ஸ்பிரிங் வேண்டாம்: ஏற்றத்தில் அழுத்தும் விசையில் ஒரு பங்கை அது விழுங்குகிறது, உடைவதற்கு இன்னொரு பாகத்தையும் சேர்க்கிறது. முனை டங்ஸ்டன் கார்பைடாக இருக்க வேண்டும், தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

‘வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடியோடு ஏறுகிறார்களே, இதெல்லாம் எதற்கு’ என்று கேட்பவர்களும் உண்டு. பூண்டி அடிவாரத்தில் வாங்கும் அந்தத் தடி என் வாதத்துக்கே சாட்சி. தடியின் நீளத்தை மாற்ற வேண்டியதில்லை, பிடிக்கும் இடம் மாறும்: ஏறும்போது கை கீழே இறங்கும், இறங்கும்போது மேலே போகும். முழுதாக முறிவதற்கு முன் மூங்கில் நாராகப் பிளந்து சத்தம் போடும். ஏழு மலைகளை ஏறி இறங்க அதைவிடப் பொருத்தமானது தேவையில்லை. பல நாள் பயணத்தில் பைக்குள் சுருங்காது, பனியில் வளையம் மாட்ட முடியாது, ஜோடியாகத் தூக்கினால் கனக்கும் என்பதால்தான் வேறு கோல் தேடுகிறோம். தேடும்போது அந்தத் தடியில் இருந்த இரண்டு குணங்களையும் எறிந்துவிட்டு எடையை மட்டும் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

விற்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இப்போது ஒவ்வொரு கோலின் அட்டையிலும் கிராம் கணக்கு பெரிய எழுத்தில் இருக்கிறது. கலவையின் எண், லாக்கின் வகை, குறைந்த நீளம், கூடிய நீளம் ஆகியவற்றை அதே அளவு எழுத்தில் போடுங்கள். கீழ்த்துண்டு, முனை, லாக் திருகு மூன்றையும் தனித்தனியாக விற்பனைக்கு வையுங்கள். முனை தேய்ந்த ஒரே காரணத்துக்காக முழு ஜோடியையும் தூக்கி எறியச் சொல்லும் கடையில், எந்தப் பொருளால் செய்த கோலாக இருந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.